ஊனும் மீனும் நம் அடுக்களையும்

சென்னையிலும் பிற பெருநகர்களிலும் குடிக்கூலிக்கு வீடு தேடிச் செல்லும் தமிழன் எதிர்கொள்ளும் வினாக்களுள் ஒன்று, ‘நீங்கள் என்ன சமைப்பீர்கள்?’ என்பது. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய பலகைகள் தொங்கும் தெருக்கள் எத்தனையோ! அவ்வினாவுக்கு அஞ்சி, வீடு கிடைத்த பின்னும் பலகணிகளை அடைத்துக்கொண்டு கருவாடு சுடுகின்ற பெண்டிர் உளர். மீன்முள்ளைத் தாளிற் பொதிந்து, இருட்டிய பின் கொண்டுபோய்க் கொட்டுவோரும் உளர். தன் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளாகச் சமைத்து வந்ததைத் தன் நாட்டில், தன் அடுப்பில் சமைப்பதற்கு ஒருவன் நாணுகின்றான் எனின், அந் நாணம் எங்கிருந்து வந்தது?

பெயரிலிருந்து வந்தது என்பதே நம் விடை. சிவனிய நெறியைக் குறிக்கும் ஒரு சொல்லை எடுத்துக் காய்கறி உணவுக்குப் பெயராக்கினர். பின்னர், வடமொழியின் மறுப்பு முன்னொட்டாகிய ‘அ’வை அதன் தலையில் ஏற்றி, எஞ்சிய உணவு முழுவதையும் அதற்குள் தள்ளினர். ஆட்டிறைச்சியும் அயிரை மீனும் கோழி முட்டையும் வயல் நண்டும் இவ்வாறு ‘ஒன்றல்லாதவை’ ஆயின. இன்னது என்று சொல்லாமல், இன்னதன்று என்று மட்டும் சொல்வது ஒரு பெயராகுமா? ஈழத்தில் காய்கறி உணவுக்கு ‘மரக்கறி’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் இன்றும் வழங்குகின்றது. ஆயினும் அங்கும் மற்றதனை ‘மச்சம்’ என்று வடசொல்லாற் சுட்டும் வழக்கு இல்லாமலில்லை. புலால், ஊன், இறைச்சி, மீன் என்று நமக்கு இத்தனை சொற்கள் இருக்கத் தமிழன் தன் உணவைக் கூறுதற்கு ஏன் ஓர் எதிர்மறையை இரந்து நிற்க வேண்டும்?

கழகக் காலத் தமிழர்க்கு இத் தொல்லை இருந்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். பரிசில் பெறச் செல்லும் பாணன் வழிநெடுக விருந்துண்கின்றான். எயினர் குடியிருப்பில் அவனுக்கு உடும்புக் கறியொடு சோறு கிடைக்கின்றது. உழவர் வீட்டில் வெண்சோற்றொடு மனைக்கோழியின் வாட்டுக் கிடைக்கின்றது. வலைஞர் மனையில் சுட்ட மீனும் கள்ளும். அந்தணர் வீட்டிலோ, வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். எல்லாம் ஒரே பாட்டில், ஒரே வழியில்! அவ்வவ் வீட்டார் உண்பதை அவ்வவ் வீட்டார் இட்டனர், பாணன் உண்டான், புலவர் பாடினார். ஒருவர் உணவு இன்னொருவர் உணவின் மறுதலையாக அங்குப் பெயர் பெறவே இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாக்கி விடுகின்றோம். புலாலுண்ணா நம் அன்பர்கள் பலர் இவ்விதழைப் படிக்கின்றனர். வள்ளுவப் பெருந்தகை ‘புலான் மறுத்தல்’ என்று ஓரதிகாரம் வகுத்ததும், அதனைத் துறவறவியலில் வைத்ததும் நாம் அறியாததன்று. அருள் நோக்கிற் புலாலை விட்டவரை நாம் வணங்குகின்றோம். அவர்கள் ஓர் உணவை வேண்டாவென்று விட்டவர்கள். ஆனால், விடாதவனைப் பார்த்து, ‘உனக்குப் பெயரே இல்லை, நீ எம்மவனல்லன் என்பதே உன் பெயர்’ என்று அவர்களுள் எவரும் சொன்னாரில்லை. வள்ளுவரே அதனைப் புலால் என்றும் ஊன் என்றும் நேரே பெயர் சொல்லித்தான் மறுத்தார். உண்பதா விடுவதா என்பது அவரவர் உள்ளத்துக்கு உரியது. நாம் பேச வந்தது, உண்பவன் வீட்டு அடுப்பைப் பற்றியும் அவ்வடுப்பங்கரையில் வாழ்ந்த அறிவைப் பற்றியும் ஆகும்.

அவ்வறிவு சிறிதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன்னிடம் வந்த பொருநனுக்குச் செம்மறியின் பருத்த தொடையை வேவித்தும், கொழுத்த தசையை இருப்புக் காழிற் கோத்துச் சுட்டும் ஊட்டுகின்றான். மென்று மென்று பொருநனின் பல் மழுங்கிப் போகின்றது! கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம், என் கை ஏன் மெல்லிதாயிற்றென்றால் பூமணம் கமழும் புகையூட்டிய ஊனையும் துவையையும் கறியையும் சோற்றையும் உண்டு வருந்துவதன்றி அது வேறு தொழில் அறியாமையால் என்று புறநானூற்றில் விடை கூறுகின்றார். ஊனுக்கு மணப்புகை ஊட்டும் முறை அக்காலத்தே இருந்தது என்பது இதனாற் பெறப்படும். (இன்று இதனையே வெளிநாட்டுப் பெயரிட்டு விண்மீன் விடுதிகளில் தட்டொன்றுக்கு ஓராயிரம் உருவா வாங்குகின்றனர். வாங்கட்டும்.) நெருப்பின்மேல் இட்டது சூடு. தணலில் உலர வதங்கியது வாட்டு. எண்ணெயில் வறண்டது வறை. நீரில் ஆவியடங்க வெந்தது புழுக்கு. வெயிலிற் காய்ந்தது உணக்கல். ஆக்கும் முறைக்கொரு சொல் இருந்தது. இன்று எல்லாம் ‘பிரை’, இல்லையேல் ‘கிரேவி’.

பழம்பாட்டுகளில் வரும் ஆமானும் முளவுமாவும் கடமானும் உடும்பும் இன்று நம் அடுப்பிற்கு வரா; வரவும் கூடா. 1972-இல் இந்திய அரசு காட்டுயிர் காப்புச் சட்டத்தை இயற்றியது; 1991-இல் வந்த திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. காட்டு முயலும் கவுதாரியும் காட்டுக் காடையும் மானும் உடும்பும் அத் தடைக்குள் அடங்கும். இச்சட்டத்தை நாம் குறை சொல்லோம். கொங்குச் சமவெளியில் ஒரு காலத்தில் திரிந்த கானமயில் இன்று தமிழ்நாட்டில் இல்லை. அதனைச் சுட்டுத் தீர்த்தவருள் தலையாயவர் மலையிலும் தேரியிலும் கண்ணி வைத்த ஏழை வேட்டுவரல்லர். துமுக்கியோடு வந்த வெள்ளை அதிகாரிகளும் அவரைப் பின்பற்றிய நம் நாட்டுச் செல்வருமே. 1879-இலேயே நீலமலைக்கென்று வேட்டை விலங்கு, மீன் காப்புச் சட்டமொன்றை வெள்ளையர் இயற்றினர். தம் விளையாட்டுக்கு விலங்கு குறைந்து போகலாகாது என்பதே அவர் கவலை! அவர் சுட்டால் விளையாட்டு. மலைமகன் பிடித்தால் களவு. இது நிற்க. எவர் அழித்திருப்பினும் இனி அழியலாகாது என்பதே நம் நிலை. ஆகலின், காட்டிலிருந்து களவாய் வரும் இறைச்சியை எவரேனும் ‘மரபு’ என்று சொல்லி விற்க வந்தால், வாங்கற்க.

ஆனால் காடு மூடப்பட்டதோடு அடுக்களை அறிவும் மூடப்படல் வேண்டுமா? இதனைத்தான் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. காட்டு ஊனைச் சமைத்த பாட்டியர்க்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. ஓடியும் பறந்தும் திரிந்த உடம்பில் கொழுப்புக் குறைவு, தசையோ இறுக்கம், தசையைக் கட்டும் நார் மிகுதி. விரைந்து பெருந்தீயில் வைத்தால் அது தோலாகி விடும். சிறு தீயில், நீர் விட்டு, நெடுநேரம் வைத்தால் அந் நாரே கரைந்து கூழாகிச் சாற்றைக் கொழுமையாக்கும். ஆகவே அவர்கள் ஊனை உடனே அடுப்பிலேற்றுவதில்லை. விறைப்பு நீங்கவிட்டு, உப்பும் மஞ்சளும் பிசறி வைப்பர். முற்றிய ஊனாயின் பப்பாளிக்காய்த் துண்டிரண்டைக் கூட்டுவர். மண்சட்டியின் வாயைத் தட்டால் மூடி, அத் தட்டில் நீரூற்றி வைப்பர். உள்ளெழும் ஆவி மேலே குளிர்ந்து மீண்டும் சட்டிக்குள்ளேயே சொட்டும். கொழுப்பில்லாக் குறையை நல்லெண்ணெய் தீர்க்கும்; வீச்சத்தை மிளகும் வெள்ளைப்பூண்டும் தீர்க்கும். எளிய முறையே, ஆனால் இதற்குள் இருப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பட்டறிவு.

இவ்வறிவுக்கு இன்றும் வேலை உண்டு. வளர்ப்பு முயலின் இறைச்சியும் கொழுப்புக் குறைந்ததே. கொடைக்கானல் மலையில், மன்னவனூரில், நடுவணரசின் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இறைச்சி முயல்களை வளர்த்து உழவர்க்குக் கொடுத்து வருகின்றது. அம் முயலை வாங்கிச் சென்று, கொழுத்த கறிக்கோழிக்குச் செய்வதுபோல் பெருந்தீயில் வறுத்துவிட்டு, ‘சவுக்குச் சவுக்கென்று இருக்கின்றது’ என்று முகஞ்சுளிப்போரைக் கண்டிருக்கின்றோம். குற்றம் முயலினதன்று. முற்றிய நாட்டுச் சேவலுக்கும் முயலுக்கும் பாட்டியின் சிறுதீ முறையே ஏற்றது. காடைக்கோ அது பொருந்தாது. இன்று அங்காடியில் கிடைப்பது சப்பானியக் காடை. நம் கால்நடைப் பல்கலைக் கழகத்தார் சென்னை நந்தனத்தில் உருவாக்கிய ‘நந்தனம் காடை’ அவ்வழியில் வந்ததே. ஐந்தாறு கிழமையில் இறைச்சிக்கு அணியமாகிவிடும் இளம்பறவை அது. தணலில் விரைவாக வாட்டி எடுத்தால் இனிக்கும், நெடுநேரம் வேவித்தால் உலர்ந்து உதிரும். எதனை வாட்டுவது, எதனைப் புழுக்குவது என்று அறிந்தவர்க்கே அவ்விரு சொற்களும் வேண்டும். ஆகவேதான் சொல்கின்றோம், சொல் போனால் சுவையும் போகும்.

வயலெலியைப் பற்றியும் ஒரு சொல். வேட்டைத் தடை தொடாத உயிர் அது. இருளர் மக்கள் அறுவடை முடிந்த வயலில் வளையைக் கண்டறிந்து, புகையூட்டி, தோண்டி எலி பிடிப்பதையும், வளைக்குள் அது சேர்த்த நெல்லை அள்ளி வருவதையும், நெல்லும் கறியுமாக அன்றைய உணவு அமைவதையும் நேரிற் கண்டவர் அறிவர். நெல்லைத் தின்று வளர்ந்த எலியைச் சுட்டு மயிர் நீக்கி, மிளகு கூட்டி வறுப்பது அவர்கள் வீட்டில் நல்லுணவு. 2017-இல் நம் உழவர்கள் தில்லியில் எலியை வாயிற் கவ்வி நின்று தம் வறுமையை உலகுக்குக் காட்டினர். அவர்கள் துன்பம் மெய். அவர்கள் கேட்டதும் முறை. ஆயினும், எலியைக் கவ்வுதல் என்பது மாந்தன் இறங்கக் கூடிய கடைசிப் படியின் அடையாளம் என்று செய்தித்தாள்கள் எழுதியபோது, அதனை நாள்தோறும் விரும்பி உண்ணும் ஒரு தமிழ்க்குடி இங்கே இருக்கின்றதே என்று எவரும் எண்ணவில்லை. பசித்தவன் உணவென்றும் இழிந்தவன் உணவென்றும் பேர் சூட்டுவதிலும் ‘அசைவம்’ என்று ஒதுக்கிய அதே கைதான் இருக்கின்றது.

இனி மீனுக்கு வருவோம். காட்டின் கதவு அடைபட்ட பின், வளர்க்காது இயற்கையில் விளைந்ததை வீட்டிற் சமைக்கும் வாய்ப்புப் பெரும்பான்மைத் தமிழர்க்கு மீனொன்றில்தான் எஞ்சியிருக்கின்றது. 

அகநானூற்றின் 60-ஆம் பாட்டில் சேரர் தொண்டிப் பட்டினத்துச் சிறுமி ஒருத்தி, கடலிலிருந்து வந்த தந்தைக்கு உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் வெண்சோற்றில் அயிலை மீனிட்டு ஆக்கிய புளிக்குழம்பை ஊற்றிக் கொடுக்கின்றாள். அயிலை, புளி, சோறு! இன்று காலை குமரிக் கடற்கரையில் ஓர் அடுப்பில் கொதித்துக் கொண்டிருப்பதும் அஃதே. அம் மீனுக்கு அங்கே இன்றும் அயிலை என்றே பெயர். மலையாளத்தார் அயல என்பர். சோழமண்டலக் கரையில் அதுவே கானாங்கெளுத்தி. ஒரு குழம்பு தன் மீனையும் புளியையும் பெயரையும் மாற்றாமல் இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கின்றது. இடையில் வந்து சேர்ந்தது மிளகாய் ஒன்றே. அது போர்த்துக்கேயர் வழி வந்த அயற்காய். ஆயினும் அதனையும் நம் அடுக்களையார் அயற்பெயரால் அழைத்தாரில்லை. மிளகுபோல் உறைக்கும் காய், மிளகாய்! எந்த அறிஞர் குழுவும் கூடி ஆக்கிய சொல்லன்று அது. சட்டியைக் கையில் வைத்திருந்தவர் ஆக்கிய சொல்.

புளியின் செயலை அறிவியலும் இன்று ஒப்புகின்றது. கடல்மீன் இறந்த பின் நுண்ணுயிர்களால் அதன் உடம்பில் உண்டாகும் உவர்த்தன்மையுள்ள ஒரு பொருளே கவிச்சிக்கு ஏது. புளிப்புச் சேர்ந்ததும் அது மாறி அடங்கிவிடுகின்றது. மாழை ஏனத்தைப் புளி அரிக்கும், மண்சட்டியை அரிப்பதில்லை. மீனுக்கு இறைச்சிபோல் நாரில்லை. சிறிது பொழுது கொதித்தாலே வெந்துவிடும். அதனாலன்றோ குழம்பு முழுதும் கொதித்துப் பச்சை மணம் நீங்கி எண்ணெய் மேலே மிதந்த பின்னரே மீனை இடுகின்றனர்? இட்ட பின் அகப்பையால் துழாவுவதில்லை. சட்டியின் விளிம்பைத் துணியாற் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவர். அடுத்த நாட் காலையில் பழஞ்சோற்றுக்கு அக் குழம்பு எத்துணைச் சுவை என்பதை ஈண்டு எழுதிப் பயனில்லை, அறிந்தவர் அறிவர்.

மீனுக்கு மீன் ஆய்தலும் வேறு. விராலைச் சாம்பல் தொட்டுப் பிடித்து உரிக்க வேண்டும்; வெறுங்கையில் வழுக்கிவிடும். மதுரைப் பக்கத்து அயிரையோ உயிரோடு வாங்கி உப்பிட்ட நீரிலோ பாலிலோ விடப்படும். உண்ட மண்ணைத் தானே கக்கிவிடும். பிறகு கல்லுப்பிட்டு உரசிக் கழுவி முழுமீனாகவே குழம்பிலிடுவர். சுறாவுக்கு முள்ளில்லை, குருத்தெலும்பே. வேவித்துத் தோலுரித்து உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் நிறையக் கூட்டி வறுத்தால் சுறாப்புட்டு; பிள்ளை பெற்றவர்க்குப் பாலூறும் என்று கொடுப்பர். (எல்லாச் சுறாவும் சட்டிக்கு உரியன அல்ல. திமிங்கிலச் சுறா 2001 முதல் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதன்பின் வேறு சிலவும் சேர்ந்துள்ளன. வலைஞர் இதனை அறிந்தே உள்ளனர். வாங்குவோரும் அறிதல் நன்று.) செதிள், செவுள், சினை, துடுப்பு, நடுமுள் என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. இன்று குளிர்பெட்டியிலிருந்து முள்ளற்ற வெள்ளைத் துண்டாக எடுத்துக் கொடுக்கப்படும் மீனுக்கோ உறுப்புமில்லை, ஊருமில்லை, பெயருமில்லை.

நன்னீர் மீனின் நிலை இன்னும் இரங்கத் தக்கது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் வாய்க்காலிலும் வயலிலும் துணி விரித்துக் கெண்டையும் உளுவையும் ஆரலும் பிடித்து வந்த காலம் நம் முதியோர் பலர்க்கும் நினைவிருக்கும். பூச்சிக்கொல்லி நஞ்சு வயலிற் பாய்ந்த பின் அம் மீன்கள் அருகிவிட்டன. ஏரி குளங்களில் குத்தகைக்காரர் விடுவது கங்கையாற்றுக் கட்லாவும் ரோகுவுமே. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியாவோ எவரும் விடாமலே எங்கும் பெருகி, நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மக்கள் அதற்குச் ‘சிலேபி’ என்று இனிப்புப் பண்டத்தின் பெயரைச் சூட்டி நகையாடிக் கொண்டிருக்கின்றனர். ஆரலை அறியாத பிள்ளைக்கு ஆரல் என்னும் சொல்லை மட்டும் எப்படிக் கற்பிப்பது? பாட்டுக்கு உரை எழுதுவோர் ‘ஒருவகை மீன்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றனர். ஆரலை ஆக்கியவள் அவ்வாறு எழுதியிராள்.

கருவாட்டைச் சொல்லாமல் விடின் இக்கட்டுரை குறையுடையதாகும். உப்பும் வெயிலும் அன்றி வேறொன்றும் வேண்டாத சேமிப்பு அது. உப்பு நீரை ஈர்த்து வெளியேற்ற, வெயில் அதனை உலர்த்த, நுண்ணுயிர் வாழ இடமின்றிப் போகின்றது. நற்றிணையில் நெய்தல் நிலப் பெண் சுறாத் துண்டங்களை உணக்கி, கவர வரும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கின்றாள். அவளை விரும்பி வந்த செல்வனிடம் தோழி, ‘நாங்கள் புலால் நாறுகின்றோம், தள்ளி நில்’ என்கின்றாள். அப் பேச்சில் நாணமில்லை என்பதைக் கருதுக! இருப்பது செருக்கு. எம் தொழிலின் மணம் இது, உன் தேரோடு நீ போ என்னும் செருக்கு. அவள் வழிவந்தவள்தான் இன்று அடுக்குமாடி வீட்டில் பலகணியை அடைத்துக்கொண்டு நெத்திலிக் கருவாட்டை வறுக்கின்றாள்.

பொட்டலப் பொடிகளையும் இங்கே சொல்லல் வேண்டும். மீனுக்கொன்று, கோழிக்கொன்று, ஆட்டுக்கொன்று என்று அட்டைப் பெட்டிகள் அடுக்களையில் வரிசையாய் நிற்கின்றன. உள்ளே பெரும்பாலும் ஒரே பொருள்கள்தாம். அம்மியில் அரைத்த அரைப்பின் இடத்தை ‘மசாலா’ பிடித்தது. அம்மி திரும்பாது என்பது நமக்குத் தெரியும். மின் அரைவைப் பொறியிலும் அரைப்பு அரைப்பே. வேலைக்குச் செல்லும் பெண் விடியலில் எழுந்து மல்லி வறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சமைப்பது பெண்ணுக்கே விதித்த கடன் என்றும் சொல்லவில்லை. ஆடவரும் அகப்பை பிடிக்கட்டும்.

ஒரே மீனுக்குச் சென்னையில் வஞ்சிரம், குமரியில் நெய்மீன், ஈழத்தில் அறக்குளா; மத்தியே தென்கரையிற் சாளை. இவை ஒன்றையொன்று தள்ளும் பெயர்களல்ல, கரைக்கொரு செல்வம். பேரகராதிகளிற் பல ஏறியிருக்கலாம். ஏறாதவை அதனினும் பல. ஆகலின் அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மீனங்காடியில் ஒரு காலைப்பொழுது நின்று, விற்கும் மீன் ஒவ்வொன்றையும் அங்குள்ளோர் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர், எவ்வாறு ஆய்கின்றனர், எவ்வாறு ஆக்குகின்றனர் என்று கேட்டெழுதி விடுங்கள். வீட்டு முதியோரிடம் உப்புக்கண்டம் போட்ட முறையையும், முயலும் கவுதாரியும் சமைத்த முறையையும் அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி வாங்குங்கள், திருத்த வேண்டா. எழுதியவர் ஊரும் மீன் பிடிபடும் திங்களும் மறவாமற் குறிக்கப்படல் வேண்டும். ஓர் அஞ்சலட்டை போதும்.